பொதிகை மலை: ஏறுகிறவர்கள் என்ன காண்கிறார்கள்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மெயின்டனன்ஸ் கணக்கு, சம்ப் சுத்தம் செய்வது, பார்க்கிங் தகராறு என்று இரண்டு மணி நேரம் பேசி முடித்துவிட்டோம். இன்னும் யாரும் எழுந்து போகவில்லை என்பதே எனக்குப் பெரிய மரியாதை. செயலாளர் அரை மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார். அதற்குள் உங்களைப் புளியந்தோப்பிலிருந்து பொதிகை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

எதற்காக இந்தத் தலைப்பு? நம் பிள்ளைகள் சிலர் வரும் ஜனவரியில் பொதிகைக்குப் போக வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்கள். உடனே மூன்று விதமான பதில்கள் வந்தன. "குரங்கணி ஞாபகம் இல்லையா, வேண்டவே வேண்டாம்" என்று பெற்றோர் சிலர் எழுதினார்கள். "நாங்களும் வரலாமா, அங்கே பெண்களை விடுவார்களா" என்று பெண்கள் கேட்டார்கள். "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஒரு முறை அனுமதி வாங்கி ஏறியும் வந்தவன். அதனால் என்னைப் பேசச் சொன்னார்கள். பெரியவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டும் அதிலிருந்தே வரும்.

எங்கே இருக்கிறது?

பொதிகை, பொதியில், அகத்தியமலை என்று நாம் சொல்வதைக் கேரளத்தில் அகஸ்தியர்கூடம் என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டமும் திருவனந்தபுரம் மாவட்டமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் கூம்பு போல நிற்கும் பாறைச் சிகரம் அது. உயரம் 1,868 மீட்டர். நம் கட்டடத்தில் ஒரு மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் அறுநூறு மாடிக்கு மேல் வரும். லிஃப்ட் ஒரு நாள் நின்றுபோனால் நாம் போடுகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போல இது பஸ் போகிற மலை இல்லை. கடையோ லாட்ஜோ கிடையாது. நம் பக்கமுள்ள சரிவு முழுவதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-ல் அமைந்த அதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 2022 ஆகஸ்டில் சுமார் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்பை அகத்தியமலை யானைகள் காப்பகமாகவும் அறிவித்தார்கள். 2023-ல் டிவியில் எல்லோரும் பார்த்தோமே, அரிசிக்கொம்பன் என்ற யானை. சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டு, அது கம்பம் டவுனுக்குள் வந்து, மறுபடி ஜூன் மாதம் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அதைக் கொண்டுவந்து விட்டது இந்த மலைத்தொடரில்தான். ஊருக்குள் வந்த யானைக்கு இடம் தேடும்போது அரசாங்கத்துக்கு நினைவுக்கு வரும் அளவுக்கு மனிதக் கால் குறைவாகப் படும் காடு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்குப் போய், படகில் ஏறிப் பாணதீர்த்தம் அருவியைப் பார்த்து, அங்கிருந்து இஞ்சிக்குழி வழியாகப் பொதிகைக்கு நடப்பார்கள். அந்தப் பாதை இப்போது பொதுமக்களுக்கு இல்லை. தமிழ்நாட்டுக்காரர் பொதிகை ஏற வேண்டுமென்றால் கேரளம் போய், அவர்கள் வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போனக்காடு வழியாகத்தான் ஏற வேண்டும். தமிழ் முனிவரைப் பார்க்கக் கேரளத்திடம் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடக்கிறவர் முதலில் காண்பது

நம் பேசின் பிரிட்ஜ் வழியாகத்தான் திருவனந்தபுரம் மெயில் போகிறது. அதில் ஏறினால் மறுநாள் காலை திருவனந்தபுரம். அங்கிருந்து விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் போனக்காடு. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அங்கே சீரழிந்து கிடக்கிறது. செடிகள் மரமாகி நிற்கின்றன. தொழிற்சாலையின் தகரம் துருப்பிடித்துத் தொங்குகிறது. பின்னி மில் ஓடிய காலத்தையும் அது மூடிய பிறகு கிடந்த கோலத்தையும் பார்த்த நம் பகுதிப் பெரியவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

அங்கே வனத்துறை சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக், பீடி, சிகரெட், மது எதுவும் உள்ளே போகக் கூடாது. பிறகு காணி மக்களில் ஒருவர் வழிகாட்டியாக முன்னே நடக்க, ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறோம். முதல் நாள் அதிருமலை முகாம் வரை. காட்டுக்குள் பல ஓடைகளைக் கடக்க வேண்டும். நடுவில் மரமே இல்லாத புல்வெளி வரும். வெயில் மண்டையைப் பிளக்கும். அதற்குப் பிறகு ஏற்றம். ஓர் ஏற்றத்துக்கு ஏழுமடக்கன் தேரி என்று பெயர். ஏழு வளைவாக மடங்கி ஏறுகிறது. இன்னொன்றின் பெயர் முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது நம் முழங்கால் நம் முகத்திலேயே இடிக்குமாம். பெயர் வைத்தவர் ஒரு தடவையாவது அதில் ஏறியிருக்கிறார் என்பது நிச்சயம்.

முகாமில் பெரிய கொட்டகை. தரையில் பாய். காணி மக்கள் நடத்தும் சமையற்கூடத்தில் சுடச்சுடக் கஞ்சி கிடைக்கும். முகாமைச் சுற்றி யானை வராமல் அகழி வெட்டியிருக்கிறார்கள். இரவில் கொட்டகைக்கு வெளியே போகக் கூடாது. போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது.

மறுநாள் காலையில் உச்சிக்கு. பொங்காலப்பாறை வரை காடு, மூங்கில், ஈரம். அட்டை உண்டு. அதற்குமேல் மரங்கள் குட்டையாகிக்கொண்டே போகும். ஓயாத காற்றும் பாறைமேல் மெல்லிய மண்ணும்தான் காரணம். ஐம்பதடி வளர வேண்டிய மரம் நம் இடுப்பளவில் நிற்கும். கடைசியில் வெறும் பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் மேடை போலக் கொஞ்சம் இடம், குட்டை மரங்களுக்கு நடுவே அகத்தியர் சிலை. வானம் திறந்திருந்தால் கிழக்கே நம் காரையாறு அணையின் நீர்ப்பரப்பு தெரியும். மேற்கே பேப்பாறை, நெய்யாறு அணைகள் தெரியும். ஒரே பாறையில் நின்று இரண்டு மாநிலத்துத் தண்ணீரைப் பார்க்கலாம். பல நாட்களில் எதுவுமே தெரியாது, முழுக்க மேகம்தான். அவ்வளவு தூரம் நடந்து மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவர்களும் உண்டு.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

கயிலாயத்தில் சிவன் திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததும், சமப்படுத்த அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. சங்க காலத்தில் இது ஆய் அண்டிரன் என்ற வள்ளலின் மலை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்துகொண்டு உலகப் படத்துக்குக் குறிப்பு எழுதிய தாலமி, தென்னிந்தியாவில் 'பெட்டிகோ' என்று ஒரு மலையைக் குறித்திருக்கிறார். அது பொதிகைதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். தெற்கே மலய மலைக்குப் பக்கத்தில் 'பொதலகம்' என்று ஒரு மலை இருக்கிறது, பாதை அபாயமானது, அங்கே அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவர் உறைகிறார் என்று. அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. திபெத்தில் லாசா நகரத்து 'பொத்தாலா' அரண்மனைக்குப் பெயர் வந்தது இந்தப் பொதலகத்திலிருந்துதான். அவர்கள் சொல்வது சரியென்றால் எங்கள் ஊர் மலையின் பெயர் இமயத்துக்கு அப்பால் ஓர் அரண்மனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஜான் ஆலன் பிரௌன். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் ஒரு வானியல் ஆய்வகம் தொடங்கினார். 1852-ல் அதன் இயக்குநராக வந்தவர் பிரௌன். பூமியின் காந்த விசையும் காற்றழுத்தமும் தரைக்கும் உயரத்துக்கும் எப்படி மாறுகின்றன என்று அளக்க அவருக்கு ஆசை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அகத்தியமலை உச்சி. பாதை வெட்டி, சாமான்களை மனிதத் தலையிலேயே சுமக்க வைத்து, 1855-ல் அந்தப் பாறைமேல் ஒரு ஆய்வகத்தைக் கட்டிவிட்டார். குளிர், யானை பயம், மாதக்கணக்கில் விடாத மழை எல்லாவற்றுக்கும் நடுவே உதவியாளர்கள் அங்கே தங்கிக் கருவிகளைப் பார்த்து எண்களைக் குறித்தார்கள். பிரௌனின் சொந்த நாட்டில் மிக உயரமான மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர். அதன் உச்சியில் வானிலை ஆய்வகம் திறந்தது 1883-ல். அதற்கு 28 வருடம் முன்பே, அதைவிட ஐந்நூறு மீட்டர் உயரத்தில், நம் பொதிகையில் வேலை நடந்துவிட்டது.

பிரௌனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கருவியைச் சுமந்தவர்கள், அட்டை கடிக்க உட்கார்ந்து எண் எழுதியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த கதையும் இப்படித்தான் ஆகியிருக்கும். கொஞ்சம் மாறியது.

களைப்பு தெரியாத வழிகாட்டிகள்

1987 டிசம்பர். தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இந்த மலைக்காட்டில் ஆய்வுக்குப் போனது. கூட வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டே நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது, இவர்களுக்கு ஒன்றும் இல்லை. "என்னப்பா அது" என்று கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார்கள். அது அவர்கள் குலத்தின் ரகசியம். பலமுறை கேட்ட பிறகு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். நிழலில் வளரும் சிறு செடி. இதய வடிவ இலை. ஆரோக்கியப்பச்சை என்று இப்போது சொல்கிறோம்.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆரிய வைத்திய ஃபார்மஸிக்கு அதைத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997-ல் காணி மக்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவாகி, பணம் அதில் சேர்ந்தது. பழங்குடிகளின் அறிவைப் பயன்படுத்தி வந்த லாபத்தை அவர்களோடு பகிர்ந்துகொண்டதற்கு உலக அளவில் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

ஆனால் முழுக்க இனிப்பான கதை இல்லை. இலைக்காகச் செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறை ஆட்சேபித்தது. காணிகள் பயிரிட்டு விற்பதிலும் சிக்கல் வந்தது. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ஜீவனி' என்ற பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. ரகசியத்தைச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது நியாயமான பங்குதானா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

இதே மலையில் இன்னொரு செடியின் கதையையும் கேளுங்கள். 1865-ல் கர்னல் ட்ரூரி என்பவர் இங்கே ஓர் ஆர்க்கிட் மலரைக் கண்டார். செருப்பு போன்ற வடிவம், மஞ்சள் நிறம், நடுவில் பழுப்புக் கோடு. உலகத்தில் வேறெங்கும் காட்டில் விளைவதில்லை. பிறகு ஏறத்தாழ நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 1970-களில் மறுபடி கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் வந்து கூடை கூடையாகப் பிடுங்கிப்போனார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. தொலைந்து கிடந்தவரை பிழைத்திருந்தது. நாம் கண்டதும் அழியத் தொடங்கிவிட்டது.

2016-ல் யுனெஸ்கோ அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2,254 உயர்தாவர இனங்கள், அவற்றில் சுமார் 400 இந்தப் பகுதிக்கே உரியவை என்று கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பாதை மூடியிருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்றேனே, காரணம் இதுதான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தையும் அது விட்டுச்செல்லும் குப்பையையும் நான் பார்த்திருக்கிறேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் அவிழ்த்துப் போடும் துணி மலை மலையாகச் சேர்ந்து, ஆள் வைத்து அள்ளுகிறார்கள். ஒரு சரிவாவது நம் காலுக்கு ஓய்வு கொடுத்து இருக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டி

புளியந்தோப்பில் இருப்பவருக்கு இந்த மலையால் என்ன என்று கேட்கலாம். தாமிரபரணி இங்கேதான் பிறக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே புன்னைக்காயலில் கடலில் சேர்கிற வற்றாத ஆறு. நீளம் 128 கிலோமீட்டர்தான். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலும் குடிநீரும் அதை நம்பி இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் இந்த மலை வாங்கிக்கொள்கிறது. மேலே உள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைக் குடித்துவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. நம் கட்டடத்துக்கு சம்ப் எப்படியோ, அந்த இரண்டு மாவட்டத்துக்கும் பொதிகைக் காடு அப்படி. சம்பில் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று இன்று ஒரு மணி நேரம் விவாதித்தோம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் புளியந்தோப்பு நெடுஞ்சாலை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஓட்டேரி நல்லா தண்ணீர் வழிந்து கீழ்த்தளத்துக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18-ல் எங்கள் ஊர்ப் பக்கம் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். மலையிலும் கொட்டித் தீர்த்தது. 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையும் 118 அடி மணிமுத்தாறு அணையும் தாங்கியது போக மீதித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்காது. காடும் இல்லாமல் இருந்திருந்தால் மண்ணும் பாறையும் சேர்ந்து வந்திருக்கும்.

பெண்கள் போகலாமா?

போகலாம். 2018 வரை போக முடியாது. அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் உச்சிக்கு வரக் கூடாது என்பது காணி மக்களின் நம்பிக்கை. வனத்துறையின் விதியும் அப்படியே இருந்தது. பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. மலையேற்றத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019 ஜனவரியில், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முதல் பெண்ணாக தன்யா சனல் உச்சி ஏறினார். திருவனந்தபுரத்தில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். காணி மக்கள் அடிவாரத்தில் கூடித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆனால் அவரைத் தடுக்கவில்லை.

இதில் என் கருத்து என்ன என்று கேட்டால் மறைக்க மாட்டேன். நம் பெண்கள் போக வேண்டும். வெளியூர் ஆண் ஆயிரம் பேர் ஏறுவதைப் பொறுத்துக்கொண்ட மலை, பெண் ஏறினால் கெட்டுவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம் காணிகளின் வருத்தத்தைப் பழமை என்று கேலி செய்வதும் தவறு. அவர்களுக்கு அது சுற்றுலா இடம் இல்லை, குலதெய்வம் இருக்கும் இடம். ஆணோ பெண்ணோ, அவர்கள் கோயிலுக்குள் அவர்கள் வழிகாட்ட நடக்கிறோம் என்ற நினைப்போடு போக வேண்டும்.

பெற்றோரின் பயம்

இனி குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்து போன குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழுவும். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். நம்மைப் போன்ற குடியிருப்புகளிலிருந்து டாட்டா காட்டிவிட்டுக் கிளம்பிய பிள்ளைகள். பெற்றோர் பயப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் பயத்தோடு நிறுத்தாமல் காரணத்தைப் பார்ப்போம். மார்ச் மாதம் மலைப்புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். காற்றும் சேர்ந்தால் மனிதக் கால் ஓடி ஜெயிக்க முடியாது. அதனால் தீக்காலத்தில் அந்தப் புல்வெளிக்குள் போகாமல் இருப்பதுதான் தற்காப்பு.

அந்த விபத்துக்குப் பிறகு அதே வருடம் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்தது. ஆன்லைனில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். கோடையில் தீக்காலம் வந்தால் பாதைகளை மூடிவிடுகிறார்கள். பொதிகையும் ஜனவரி முதல் சில வாரங்களுக்குத்தான் பொதுவாகத் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. 14 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள்.

1. யாரோ முகம் தெரியாதவர் இன்ஸ்டாகிராமில் "பெர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று போட்டால் பணம் கட்டாதீர்கள். அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். அதன் ஒரு நகல் வீட்டிலும் இருக்க வேண்டும்.

2. வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்புங்கள். உச்சி இன்னும் நூறடிதான் என்றாலும் திரும்புங்கள். மழை பெய்த பாறையில் கயிறு பிடித்து ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து.

3. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நம் பிளாக் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். பையில் நாலு லிட்டர் தண்ணீரோடு. மூச்சு வாங்கினால் இங்கேயே தெரிந்துவிடும். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்.

4. சென்ட் அடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு யானைக் காட்டில் நடக்காதீர்கள். முன்னால் போகிறவரை விட்டுத் தனியாகப் பிரியாதீர்கள்.

5. அட்டை கடித்தால் பதற வேண்டாம். கொஞ்சம் உப்பு வைத்திருங்கள். தொட்டால் விழுந்துவிடும்.

6. கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், மிட்டாய்த் தாள் உட்பட. பார்த்த பூவையும் செடியையும் வேரோடு கொண்டுவராதீர்கள். நம் மாடித் தொட்டியில் அது பிழைக்காது, அங்கேயும் இல்லாமல் போகும்.

பெற்றோருக்கு ஒரே விஷயம். "போகாதே" என்றால் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போகிறவனிடம் அனுமதிச் சீட்டும் இருக்காது, வழிகாட்டியும் இருக்க மாட்டார். "சீட்டைக் காட்டிவிட்டுப் போ" என்று சொல்லுங்கள்.

ஜனவரிப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதுங்கள். பெண்களும் எழுதுங்கள். கேரள வனத்துறை பதிவு திறக்கும் நாளைக் குழுவில் தெரிவிக்கிறேன். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அன்று காலை தயாராக இருங்கள். வயதானவர்கள் உச்சிக்குப் போக வேண்டாம். பாபநாசம் வரை வாருங்கள். தாமிரபரணியில் குளித்து, அகத்தியர் அருவியைப் பார்த்து, கரையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். பழைய துணியை மட்டும் ஆற்றில் விடாதீர்கள்.

அரை மணிக்கு மேலாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுண்டல் சூடு ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட்டுவிடலாம்.